கோப்பையை வென்றார்கள்... பத்துப் பேரை இழந்தார்கள்!

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியில் ஓர் அழகான பழக்கம் உண்டு. ஸ்டான்லி கோப்பையை வென்ற அணியில் இருக்கும் ஒவ்வொருவருக்கும், அந்தக் கோடை விடுமுறையில் ஒரு நாள் கோப்பை கையில் கொடுக்கப்படும். எங்கே வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். சொந்த ஊரில் ஊர்வலம் போகலாம், படித்த பள்ளியில் காட்டலாம், அதில் ஐஸ்கிரீம் போட்டுச் சாப்பிடலாம். குழந்தைக்கு ஞானஸ்நானமே அந்தக் கோப்பையில் நடத்தியவர்கள் இருக்கிறார்கள். வெள்ளைக் கையுறை போட்ட காவலர் ஒருவர் மட்டும் கூடவே வருவார்.

2010 கோடையில் இந்தப் பழக்கம் கொஞ்சம் விசித்திரமாக நடந்தது. அந்த வருடம் கோப்பையை வென்றது சிகாகோ பிளாக்ஹாக்ஸ். 49 ஆண்டுகள் காத்திருந்து கிடைத்த கோப்பை. ஜூன் 9 இரவு வெற்றி. இரண்டு நாள் கழித்து நகரமே திரண்ட ஊர்வலம். இருபது லட்சம் பேர் என்று மதிப்பிட்டார்கள். ஜூன் 27 அன்று அதே சிகாகோவில் நடந்த பிரைடு பேரணியில், ப்ரெண்ட் சோப்பல் என்ற வீரர் கோப்பையோடு ஒரு வண்டியில் நின்று மக்களுக்குக் கையசைத்துக்கொண்டு வந்தார். தன்பாலின ஈர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்ன பிரெண்டன் பர்க் என்ற இளைஞர், அந்த வருடத் தொடக்கத்தில் கார் விபத்தில் இறந்திருந்தார். அவர் நினைவாகத்தான் சோப்பல் வந்திருந்தார். நல்ல காரியம். ஆனால் அன்றைக்கு சோப்பல் சிகாகோ வீரரே இல்லை! மூன்று நாள் முன்புதான் அவரை அட்லாண்டா அணிக்கு மாற்றிவிட்டார்கள்.

அவர் மட்டுமல்ல. அந்தக் கோடை முடிவதற்குள் கோப்பை வென்ற அணியில் இருந்து பத்துப் பேர் போய்விட்டார்கள். மோசமாக ஆடியதால் அனுப்பப்பட்டவர்கள் இல்லை. அவர்களில் பலர் நன்றாக ஆடியதுதான் பிரச்னையே.

ஹாக்கி என்றதும் நமக்கு தயான் சந்தும் பச்சைப் புல்தரையும்தான் ஞாபகம் வரும். இது வேறு. பனித்தரையில் சறுக்குக் காலணி போட்டுக்கொண்டு, பந்துக்குப் பதிலாக 'பக்' என்ற கறுப்பு ரப்பர் வட்டை அடித்து விளையாடுவது. இதற்கான பெரிய லீக் என்.எச்.எல். இப்போது அதில் 32 அணிகள். 25 அமெரிக்காவில், 7 கனடாவில். ஒரு அணி ஒரு சீஸனில் தன் வீரர்களுக்கு மொத்தமாக எவ்வளவு சம்பளம் கொடுக்கலாம் என்பதற்கு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். 'சாலரி கேப்' என்பார்கள், சுருக்கமாக கேப்.

ஐ.பி.எல். ஏலம் பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. 2025 மெகா ஏலத்தில் ஒவ்வோர் அணிக்கும் 120 கோடி ரூபாய்தான் பர்ஸ். முதலாளி எவ்வளவு பெரிய பணக்காரராக இருந்தாலும் அதற்கு மேல் ஒரு ரூபாய் போட முடியாது. ஆனால் ஐ.பி.எல்-லில் சில வருடங்களுக்கு ஒருமுறை பெரும்பாலான வீரர்களை ஏலத்துக்கு அனுப்பிவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கலாம். என்.எச்.எல்-லில் அப்படித் துடைத்துவிட்டு எழுத ஸ்லேட்டு கிடையாது. ஐந்து வருடம், எட்டு வருடம் என்று ஒப்பந்தம் போடுவார்கள். இன்று போட்ட கையெழுத்து பல வருடங்களுக்குக் கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

இந்த வரம்பு சும்மா வந்துவிடவில்லை. ஒரு முழு சீஸனைப் பலி கொடுத்துத்தான் வந்தது. சம்பளம் கட்டுக்கடங்காமல் போகிறது, சின்ன ஊர் அணிகள் மூழ்கிவிடும் என்றார்கள் முதலாளிகள். வரம்பை ஏற்க முடியாது என்றார்கள் வீரர்கள். 2004 செப்டம்பரில் முதலாளிகள் கதவைப் பூட்டினார்கள். 2005 பிப்ரவரி 16 அன்று லீகின் தலைவர் கேரி பெட்மேன், சீஸன் முழுவதும் ரத்து என்று அறிவித்தார். வட அமெரிக்காவின் பெரிய லீக் ஒன்று, சம்பளத் தகராறில் ஒரு முழு சீஸனையே இழந்தது அதுதான் முதல் முறை. ஸ்டான்லி கோப்பைக்கு அந்த வருடம் வெற்றியாளர் இல்லை. அதற்கு முன் அப்படி ஆனது 1919-ல், ஃப்ளூ காய்ச்சல் இறுதிப் போட்டியையே நிறுத்தியபோது.

கடைசியில் வீரர்கள்தான் இறங்கி வந்தார்கள். இருந்த ஒப்பந்தங்களில் 24 சதவிகிதம் வெட்டு, மேலே ஒரு வரம்பு. முதல் வருட வரம்பு 3.9 கோடி டாலர். லீகின் வருமானம் ஏற ஏற வரம்பும் ஏறும். 2010-11 சீஸனுக்கு அது 5.94 கோடி டாலராக இருந்தது.

'5.94 கோடி டாலரா! அதில் என்ன கஷ்டம்?' என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். அணியில் 23 பேர் வரை வைத்துக்கொள்ளலாம். சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 26 லட்சம் டாலர் வருகிறது. ஆனால் யாரும் சமமாகப் பிரிக்க மாட்டார்கள். நல்ல வீரருக்கு 60 லட்சம் கொடுத்தால், அந்தக் கூடுதல் பணம் வேறு யாருடைய தட்டிலிருந்தோ வர வேண்டும். வீட்டுக்கடன் தவணை, பள்ளிக் கட்டணம், வண்டித் தவணை இந்த மூன்றும் போன பிறகு மிச்சத்தில் மளிகை, பால், மருந்து என்று ஓட்டுகிற குடும்பத்தின் கணக்கேதான். பெரிய செலவுகளை யாரும் தப்பாகச் சொல்ல முடியாது. அவை ஒவ்வொன்றும் நியாயமானவைதான். சேர்த்துப் பார்க்கும்போதுதான் மூச்சு முட்டும்.

இந்தக் கணக்கைப் போடுபவர் பயிற்சியாளர் இல்லை. ஜெனரல் மேனேஜர். கோட்டு சூட்டோடு மேலே ஒரு கண்ணாடி அறையில் இருந்து ஆட்டத்தைப் பார்ப்பவர்.

சிகாகோவின் கதை இரண்டு மேனேஜர்களின் கதை. முதலாமவர் டேல் டாலன். பல வருடங்கள் தோற்றுக்கொண்டே இருந்த அணி அது. தோற்கிற அணிகளுக்கு, புதிய இளம் வீரர்களைத் தேர்வு செய்யும் 'டிராஃப்ட்'டில் முன்வரிசை கிடைக்கும். அப்படித்தான் 2006-ல் மூன்றாவது ஆளாக ஜோனதன் டேவ்ஸும், 2007-ல் முதல் ஆளாக பேட்ரிக் கேனும் வந்தார்கள். இரண்டு பேருமே தங்கம். டேவ்ஸ் இருபது வயதில் கேப்டன் ஆனார்.

இங்கேதான் ஒரு நுட்பம். இளம் வீரர்களுக்கு முதல் ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் பத்து லட்சம் டாலருக்குள்தான்; விதியே அப்படி. 60 லட்சத்துக்கு ஆடக்கூடியவர் ஒன்பது லட்சத்துக்கு ஆடுகிறார் என்றால், அந்த மிச்சத்தில் மூத்த நட்சத்திரங்களை வாங்கிப் போடலாம். டாலனும் போட்டார். 2008-ல் ப்ரையன் கேம்பல் என்ற டிஃபென்ஸ் வீரருக்கு எட்டு வருட ஒப்பந்தம், வருடத்துக்கு 71 லட்சம் டாலருக்கு மேல். அதே கோடையில் க்ரிஸ்டோபல் ஹூவே என்ற கோல்கீப்பருக்கு வருடம் 56 லட்சம். அடுத்த வருடம் மரியன் ஹோசாவுக்கு 12 வருட ஒப்பந்தம். அணி பலமானது. ஆனால் குறைந்த சம்பளப் பருவம் என்பது பிள்ளைகளுக்கு அரை டிக்கெட் எடுக்கிற பருவம் மாதிரி. பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள்!

நடுவில் தபால் வடிவில் ஒரு சோதனை வந்தது. ஒப்பந்தம் முடிகிற இளம் வீரர்களைத் தக்கவைத்துக்கொள்ள, ஒரு குறிப்பிட்ட தேதிக்குள் எழுத்துபூர்வமாக ஒரு சம்பளத் தொகையை அணி அனுப்ப வேண்டும். தவறினால் அந்த வீரர் சுதந்திரப் பறவை. 2009 கோடையில் சிகாகோவின் கடிதங்கள் சிலருக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தன. வீரர்கள் சங்கம் புகார் கொடுத்தது. வேறு வழியில்லாமல், அந்த வீரர்களோடு அவசர அவசரமாக ஒப்பந்தம் பேச வேண்டியதாயிற்று. கிறிஸ் வெர்ஸ்டீக் என்ற இளைஞருக்கு வருடம் 30 லட்சத்துக்கு மேல் போனது. பேரம் பேசத் தெம்பு இருக்கும்போது பேசியிருந்தால் அந்தத் தொகை இவ்வளவு ஆகியிருக்காது என்பது பரவலான கருத்து. ஜூலையில் டாலன் பதவியிலிருந்து மாற்றப்பட்டார்.

அந்த நாற்காலிக்கு வந்தவர் ஸ்டான் போமன். பெயரிலேயே ஸ்டான்லி கோப்பை இருக்கிறது. அப்பா ஸ்காட்டி போமன் ஹாக்கி உலகின் பெரிய பயிற்சியாளர். 1973-ல் மாண்ட்ரியால் அணியோடு கோப்பை வென்றார், பிறந்த பையனுக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டார். மகன் ஹாக்கி மட்டையைவிட நம்பிக்கையாகப் பிடித்தது கால்குலேட்டரை. நிதியும் கம்ப்யூட்டரும் படித்தவர்.

2009 டிசம்பரில் ஒரே நாளில் மூன்று புதிய ஒப்பந்தங்களை அறிவித்தார்கள். டேவ்ஸுக்கும் கேனுக்கும் ஐந்து வருடம், வருடம் தலா 63 லட்சம் டாலர். டங்கன் கீத் என்ற டிஃபென்ஸ் வீரருக்கு 13 வருடம், மொத்தம் 7.2 கோடி டாலர். மூன்றும் அடுத்த சீஸனில் இருந்து அமலுக்கு வரும். அதாவது, அரை டிக்கெட்டில் ஆடுகிற கடைசி வருடம் இது. இந்த வருடம் வென்றால்தான் உண்டு என்பது மேலே கண்ணாடி அறையில் இருந்தவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

வென்றார்கள். ஆறாவது ஆட்டம், கூடுதல் நேரம். கேன் அடித்த பக் எங்கே போனது என்று அரங்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. நடுவருக்கும் தெரியவில்லை. கேனுக்கு மட்டும் தெரிந்தது. கையுறைகளை வீசி எறிந்துவிட்டு, மறுகோடியில் நின்ற தன் கோல்கீப்பரை நோக்கிப் பறந்தார்.

அந்தக் கோல்கீப்பர் அன்டி நியேமி. ஃபின்லாந்துக்காரர். ஒரு காலத்தில் சொந்த ஊர் அரங்கத்தில், பனித்தரையைச் சமப்படுத்தும் வண்டியை ஓட்டியவர். வருடம் 56 லட்சம் வாங்கிய ஹூவேயைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, பத்து லட்சம்கூடத் தொடாத சம்பளத்தில் கோப்பையை வாங்கிக் கொடுத்தவர். அவர் கதை அடுத்த இரண்டு மாதத்தில் என்ன ஆனது என்பதைப் பார்த்தால் இந்த வரம்பின் குணம் புரியும்.

முதலில் மொத்தக் கணக்கு. டேவ்ஸ், கேன், கீத், ஹோசா, கேம்பல் இந்த ஐந்து பேருக்கே மூன்று கோடி டாலருக்கு மேல். வரம்பில் பாதி காலி. ஆடாத ஹூவேயின் 56 லட்சம் தனி. போதாக்குறைக்கு, டேவ்ஸும் கேனும் பழைய ஒப்பந்தப்படி சம்பாதித்த ஊக்கத்தொகை முந்தைய வருட வரம்பைத் தாண்டிவிட்டதால், 40 லட்சம் டாலருக்கும் மேற்பட்ட தொகை அடுத்த வருடக் கணக்கில் ஏறிக்கொண்டது. அதாவது, பையன்கள் நன்றாக ஆடியதற்கான அபராதம்! கோப்பை வென்ற அணிக்கு இதைவிடக் கசப்பான பில் இருக்க முடியாது.

ஜூன் 24 அன்று முதல் வெட்டு. டஸ்டின் பஃப்லின் என்ற ராட்சத உருவம், அந்தப் பிளே ஆஃபில் மட்டும் 11 கோல் அடித்தவர், அட்லாண்டாவுக்குப் போனார். சோப்பலும் பென் ஈகரும் அவரோடு சேர்ந்து போனார்கள். ஜூன் 30-ல் வெர்ஸ்டீக் டொரான்டோவுக்கு. மறுநாள் ஆண்ட்ரூ லாட் அட்லாண்டாவுக்கு. பதிலுக்கு வந்தவை பெரும்பாலும் குறைந்த சம்பள வீரர்களும், வருங்கால டிராஃப்ட் வாய்ப்புகளும். கடையைக் காலி செய்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் வாங்க வருபவர் பேரம் எப்படிப் பேசுவார்? அப்படித்தான் பேசினார்கள்.

ஒரு விஷயம். இந்த லீகில் வீரரிடம் கேட்காமலே அவரை இன்னோர் ஊருக்கு அனுப்பலாம். 'என்னை மாற்றக் கூடாது' என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. அதை எழுதி வாங்கும் செல்வாக்கு நட்சத்திரங்களுக்குத்தான் இருக்கும். மற்றவர்களுக்கு ஒரு போன் வரும். இரண்டு வாரத்துக்கு முன் திறந்த பஸ்ஸில் ஊர்வலம் வந்த தெருவில், வீட்டுச் சாமான் லாரியை நிறுத்த வேண்டியதுதான். லட்சம் லட்சமாகச் சம்பாதிப்பவர்களுக்காக யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை. ஆனால் பிள்ளைக்குப் புது ஊரில் பள்ளி தேடுவது எல்லோருக்கும் ஒரே மாதிரிதான்.

ஜூலையில் எதிர்பாராத ஒரு காய் நகர்த்தல். சிகாகோவின் இளம் டிஃபென்ஸ் வீரர் நிக்லஸ் யால்மர்சனின் ஒப்பந்தம் முடிந்திருந்தது. கலிஃபோர்னியாவின் சான் ஹோசே அணி அவருக்கு நான்கு வருடத்துக்கு 1.4 கோடி டாலர் தருவதாக எழுதிக் கொடுத்தது. விதிப்படி, அதே தொகையைக் கொடுத்து அவரைத் தக்கவைக்கச் சிகாகோவுக்கு ஏழு நாள் அவகாசம். கொடுத்தால் வருடம் 35 லட்சம் போகும். கொடுக்காவிட்டால் ஆள் போய்விடுவார். போமன் கொடுத்தார்.

அந்த 35 லட்சம் யார் தட்டிலிருந்து வந்தது? நியேமியின் தட்டிலிருந்து.

நியேமிக்கும் அணிக்கும் சம்பளப் பேச்சு முடியாமல் நடுவர் தீர்ப்புக்குப் போனது. நடுவர் 27.5 லட்சம் டாலர் என்றார். கோப்பை வென்ற கோல்கீப்பருக்கு அது ஒன்றும் அதிகமில்லை. சந்தையில் அதைப்போல இரண்டு மடங்கு வாங்கியவர்கள் இருந்தார்கள். இரண்டு நாள் யோசிக்க அவகாசம். ஆகஸ்ட் 2 அன்று, தீர்ப்பை ஏற்கவில்லை என்று சொல்லிவிட்டது சிகாகோ. அதே நாளில் மார்ட்டி டர்கோ என்ற 34 வயது அனுபவசாலியை 13 லட்சத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். மிச்சம் 14.5 லட்சம். ஒரு மாதம் கழித்து நியேமி வேறு அணியில் சேர்ந்தார், 20 லட்சத்துக்கு. எந்த அணி? சான் ஹோசே!

யால்மர்சனுக்கு வலை வீசியபோதே சான் ஹோசே இதையெல்லாம் கணக்குப் போட்டிருந்ததா என்று ரசிகர்கள் இன்றும் பேசுவார்கள். போட்டிருந்தாலும் போடாவிட்டாலும் விளைவு ஒன்றுதான்: எதிராளியின் பர்ஸ் எவ்வளவு கனம் என்று தெரிந்தால், பனியில் இறங்காமலே அவரை அடிக்கலாம்.

ஹூவேயை என்ன செய்தார்கள்? சுவிட்சர்லாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ஓர் அணிக்கு ஆடினார். சிகாகோ சம்பளம் கொடுத்தது, ஆனால் என்.எச்.எல்-லில் ஆடாததால் வரம்புக் கணக்கில் வராது. அந்த ஓட்டையை 2013-ல் பெருமளவு அடைத்துவிட்டார்கள்.

அடுத்த சீஸன் சிகாகோவுக்கு எப்படி இருந்தது? கடைசி நாள் ஆட்டத்தில் தோற்றுவிட்டு, டல்லாஸ் அணியும் தோற்க வேண்டுமே என்று காத்திருந்தார்கள். டல்லாஸ் தோற்றது. கடைசி இடத்தைப் பிடித்துக்கொண்டு பிளே ஆஃபுக்குள் நுழைந்தவர்கள், முதல் சுற்றிலேயே ஏழாவது ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் வெளியேறினார்கள். நியேமியோடு சான் ஹோசே அரையிறுதிக் கட்டம் வரை போனது. பார்த்தீர்களா, தப்பான ஆளை விட்டுவிட்டார் போமன் என்று அன்றைக்கு யாரும் சொல்லியிருக்கலாம்.

ஆனால் டர்கோவும் நிலைக்கவில்லை. அவர் தடுமாறியபோது உள்ளே வந்தவர் கோரி க்ராஃபர்ட். 2003-லேயே சிகாகோ டிராஃப்டில் எடுத்து, கீழ்மட்ட அணியில் வருடக்கணக்காக வளர்த்த பையன். சம்பளம் பத்து லட்சத்துக்கும் கீழே. அவரை வைத்துத்தான் 2013-லும் 2015-லும் மறுபடி கோப்பையை வென்றார்கள். மூன்று கோப்பையிலும் இருந்தவர்கள் ஏழு பேர்: டேவ்ஸ், கேன், கீத், சீப்ரூக், ஷார்ப், ஹோசா, யால்மர்சன். மற்ற இடங்களில் முகங்கள் மாறிக்கொண்டே இருந்தன. 2010-ல் போமன் உண்மையில் செய்தது, யாரை விற்பது என்ற முடிவு இல்லை. யாரைத் தொடவே கூடாது என்ற முடிவு. 35 லட்சம் கொடுத்து யால்மர்சனை வைத்துக்கொண்டது அன்றைக்குக் கை கடித்தது. ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால் மலிவு. (போமன் 2021-ல் சிகாகோவை விட்டு விலகியது சம்பளக் கணக்கைவிட மிகக் கனமான காரணத்தால். 2010-ல் அணியின் இளம் வீரர் ஒருவர், வீடியோ பயிற்சியாளர் ஒருவர் மீது கொடுத்த பாலியல் வன்முறைப் புகாரை நிர்வாகம் கண்டுகொள்ளாமல் விட்டது விசாரணையில் வெளிவந்தது. அந்த வருடக் கோப்பையின் மீது அந்த நிழல் நிரந்தரமாக விழுந்துவிட்டது.)

கேம்பலின் 71 லட்சம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். 2011-ல் ஃபுளோரிடா அணி அவரை அப்படியே வாங்கிக்கொண்டது. ஃபுளோரிடாவின் மேனேஜராக அப்போது இருந்தவர் வேறு யாருமில்லை, டேல் டாலன். தான் போட்ட ஒப்பந்தத்தைத் தானே வந்து சுமந்துகொண்ட மனிதர்!

எல்லா அணிகளும் கஞ்சத்தனமாகக் கணக்குப் போடவில்லை. வரம்புக்கு ஒரு தரையும் உண்டு; குறைந்தபட்சம் இவ்வளவு செலவழித்தே ஆக வேண்டும். பணமில்லாத அணிகளுக்கு அது சிரமம். அதனால் ஒரு வேடிக்கை நடந்தது. இனி ஆடவே முடியாத வீரர்களின் ஒப்பந்தங்களை அரிசோனா அணி வாங்கிச் சேர்த்தது. தாளில் சம்பளம் பெரிதாகத் தெரியும். கையில் கொடுப்பது குறைவு. கிறிஸ் ப்ராங்கர் கண்ணில் அடிபட்டு 2011-லிருந்து ஆடவில்லை. 2015-ல் அவரை ஹாக்கியின் மரியாதைக்குரியோர் பட்டியலான 'ஹால் ஆஃப் ஃபேம்'-இல் சேர்த்தபோது, கணக்கில் அவர் அரிசோனா வீரர்! தோல் நோயால் ஆட முடியாமல் போன ஹோசாவின் ஒப்பந்தமும் 2018-ல் அங்கேதான் போய்ச் சேர்ந்தது.

காயம்பட்டவர் கணக்கிலும் ஒரு கதவு உண்டு. நீண்ட நாள் காயத்தில் இருப்பவரின் சம்பள அளவுக்கு அப்போது வரம்பைத் தாண்டிக்கொள்ள முடிந்தது. பிளே ஆஃபிலோ அப்போது வரம்பே இல்லை. 2015 பிப்ரவரியில் கேனுக்குக் காறை எலும்பு முறிந்தது. அந்த இடைவெளியில் சிகாகோ இரண்டு மூத்த வீரர்களை வாங்கியது. பிளே ஆஃப் முதல் ஆட்டத்துக்கு கேன் திரும்பி வந்தார். எல்லோரும் சேர்ந்து கோப்பையை வென்றார்கள். 2021-ல் டாம்பா பே அணி இதையே பெரிய அளவில் செய்தது. வென்ற பிறகு அதன் நட்சத்திரம் குச்சரோவ், 'வரம்புக்கு மேல் 1.8 கோடி டாலர்' என்று அச்சடித்த டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு சிரித்தார். மற்ற அணிகளுக்குச் சிரிப்பு வரவில்லை. 2025-26 சீஸனில் இருந்து பிளே ஆஃபுக்கும் வரம்பு வந்துவிட்டது.

சிகாகோவுக்கு மறுபடி வருவோம். 2014 ஜூலையில் டேவ்ஸுக்கும் கேனுக்கும் அடுத்த ஒப்பந்தம்: எட்டு வருடம், வருடம் தலா 1.05 கோடி டாலர். வரம்பு வேகமாக ஏறும் என்ற நம்பிக்கையில் போட்ட கையெழுத்து. ஆனால் கச்சா எண்ணெய் விலை விழுந்தது, கூடவே கனடிய டாலரும் விழுந்தது. கனடா அணிகளின் டிக்கெட் வசூல் கனடிய டாலரில். சம்பளமெல்லாம் அமெரிக்க டாலரில். லீகின் மொத்த வருமானம் எதிர்பார்த்தபடி ஏறவில்லை; வரம்பும் ஏறவில்லை. 2015-16-ல் அது 7.14 கோடிதான். அதில் 2.1 கோடி இரண்டே பேருக்கு. மூன்றாவது கோப்பை வென்ற சில வாரங்களிலேயே ஷார்ப் போனார். இளம் வீரர் சாட் போனார். 2010 கோடை மறுபடி வந்தது.

இந்தக் கதையில் நெஞ்சில் நிற்பவர் ப்ரையன் பிக்கல். 2013 இறுதிச்சுற்றின் ஆறாவது ஆட்டத்தில், கடைசி 76 நொடி இருக்கும்போது சமன் செய்யும் கோலை அடித்தவர். அடுத்த 17 நொடியில் இன்னொரு கோல் விழுந்து கோப்பையே கிடைத்தது. அந்த மகிழ்ச்சியில் அவருக்கு நான்கு வருடம், வருடம் 40 லட்சம் டாலர் கொடுத்தார்கள். அதன்பின் பிக்கலின் ஆட்டம் மங்கியது. 2015 பிளே ஆஃபில் தலைசுற்றல் என்றார். வேகம் குறைந்தது. கீழ்மட்ட அணிக்கு அனுப்பினார்கள். 'மோசமான ஒப்பந்தம்' என்ற பட்டியலில் அவர் பெயர் வழக்கமாக வந்தது. 40 லட்சத்துக்கு இவ்வளவுதானா என்று ரசிகர்கள் கேலி செய்தார்கள்.

2016 ஜூனில் அவரைக் கரோலினா அணியின் தலையில் கட்டினார்கள். சும்மா யாரும் வாங்க மாட்டார்கள் என்பதால், கூடவே டெவோ டெராவைனன் என்ற 21 வயது திறமைசாலியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. விற்காத சேலையோடு பட்டுச் சேலையைச் சேர்த்துக் கட்டிக் கொடுத்த கதை. டெராவைனன் கரோலினாவில் முன்னணி வீரரானார்.

அந்த நவம்பரில்தான் பிக்கலுக்கு என்ன என்று மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். மல்டிபிள் ஸ்கிலரோசிஸ். மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் நரம்பு நோய். எத்தனை மாதமாக அது உடம்புக்குள் இருந்தது என்று யாரால் சொல்ல முடியும்? வேகம் குறைந்தது சோம்பலால் இல்லை என்பது மட்டும் உறுதியானது.

சிகிச்சை எடுத்துக்கொண்டு, கீழ்மட்ட அணியில் மறுபடி காலை ஊன்றி, சீஸன் முடியும் நேரத்தில் கரோலினாவுக்குத் திரும்பி வந்தார் பிக்கல். 2017 ஏப்ரல் 9, பிலடெல்ஃபியாவில் கடைசி ஆட்டம். இதோடு முடித்துக்கொள்கிறேன் என்று முன்பே சொல்லியிருந்தார். ஆட்டம் சமனாகி ஷூட் அவுட்டுக்குப் போனது. பயிற்சியாளர் பிக்கலை அனுப்பினார். அவர் சறுக்கிக்கொண்டு போய், கோல்கீப்பரை ஏமாற்றிக் கோல் அடித்தார்.

அந்த அக்டோபரில் சிகாகோ அவரை அழைத்து ஒரு நாள் ஒப்பந்தம் போட்டது. பிளாக்ஹாக்ஸ் வீரராகவே ஓய்வு பெற்றார்.